மேலே அனுப்பியவன்

"எம் புருசன் அவர மேல அனுப்பிடறேன்னு சொன்னது நெசந்தான் சார். அதான் அவன் வேலையே!"

கன்னியம்மா இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முதலாளி பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

நான் சௌக்கத் அலி. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில், சோடாக் கடை மாடியில் ஒரு பெயர்ப்பலகை தொங்கும்: 'துப்பறியும் முப்பிடாதி'. எதுகைக்காக வைத்துக்கொண்ட பெயர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, பெற்றவர்கள் வைத்ததுதான். தென்காசிப் பக்கத்து ஆள். பட்டணத்துக் கஞ்சியைக் குடித்தே தலை நரைத்துவிட்டது, பட்டணத்துப் பேச்சு மட்டும் இன்னும் நாக்கில் ஏறவில்லை. அவருக்கு நான் உதவியாளன். உயரத்தில் பாதி, வாயில் இரண்டு மடங்கு என்பது என்னைப் பற்றி அவர் கொடுக்கிற நற்சாட்சிப் பத்திரம்.

கன்னியம்மாவின் புருஷன் தாமோதரன் துறைமுகத்தில் கப்பல் விஞ்சு ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எண்ணூருக்குப் போய் இன்னொரு விஞ்சு ஓட்டுவான். அங்கே சண்டைக் காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுபாதையில் ஒரு கிளைடர் சங்கம் நடக்கிறது. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். எஞ்சின் இல்லாதது எப்படிப் பறக்கும் என்று நானும்தான் கேட்டேன். அதன் வயிற்றில் நீளமான இரும்புக் கம்பியைக் கொக்கியில் மாட்டுவார்கள். ஓடுபாதையின் மறுகோடியில் பழைய லாரி எஞ்சினோடு ஒரு உருளை இருக்கும். அதுதான் விஞ்சு. விஞ்சுக்காரன் பெட்ரோலை மிதித்தால் உருளை கம்பியைச் சுற்றும், விமானம் பட்டம் போல வானத்துக்கு ஏறும். போதிய உயரம் போனதும் விமானி ஒரு குமிழை இழுத்துக் கம்பியைக் கழற்றிவிட்டுத் தன்பாட்டுக்கு மிதப்பார்.

ஆக, மனுஷனை மேலே அனுப்புவதுதான் தாமோதரனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒவ்வொரு வாரமும் விமானியைப் பார்த்து, "இன்னிக்கு ஒரே இஸ்ப்புல உன்ன மேல அனுப்பிடறேன் சார்!" என்று கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமையும் கத்தினான், சிரித்தார்கள். அன்றைக்கு மேலே போன ராமசுப்பு என்கிற இளைஞர், ஏறும்போதே விமானத்தின் மூக்கு செங்குத்தாகத் தூக்கி, இறக்கை புரண்டு, முகத்துவாரத்து ஓரமாக விழுந்து செத்துப்போனார்.

சிரித்தவர்கள் அத்தனை பேரும் அந்த வார்த்தையை இன்ஸ்பெக்டரிடம் ஒப்பித்துவிட்டார்கள்.

"முந்தின வாரம் மெதுவா இஸ்தான்னு அந்த சார் இவனத் திட்டிட்டாரு. அந்தக் கோவத்துல வேணும்னே வேகமா இஸ்து கொன்னுட்டான்னு கேசு எழுதிட்டாங்க சார். குப்பத்துல யாரும் எங்கூட பேச மாட்டேங்கறாங்க. தூக்குல போட்டுருவாங்களா?"

முப்பிடாதி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் வேட்டியை மடித்துக் கட்டினால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

"தாயி, ஒண்ணே ஒண்ணு. அந்தப் பிள்ளை விமானத்துக்குள்ள வாரு போட்டுக் கட்டியிருந்தாராமா?"

"கட்டினுதான் இருந்தாராம். வாரு அறுந்திருந்தாகூட அதும் மேல பழி போட்டுட்டு எம் புருசன வுட்டிருப்பாங்களே."

---

எண்ணூர் ரயிலில் கன்னியம்மாவும் நாங்கள் இருவருமாகப் போய் இறங்கினோம். ஓடுபாதையோரக் கொட்டகையில் உடைந்த விமானம் கிடந்தது. மரச்சட்டமும் துணியும்தான். இதை நம்பியா வானத்துக்குப் போகிறார்கள்! என் கட்டிலே இதைவிடப் பலமானது.

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே அங்கிருந்தார். கூடவே உயரமான ஒரு மனிதர், வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. சங்கத்தின் தலைமைப் பயிற்சியாளர் மனோகரன். சண்டையில் விமானம் ஓட்டியவர். பேச்சு மிருது, கைகுலுக்கல் மிருது. எனக்கே ஒரு நாற்காலி போடச் சொன்னார். எனக்கு நாற்காலி போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

"பாவம் ராமசுப்பு. அடுத்த மாசம் பூனாவுக்குப் பயிற்சியாளர் படிப்புக்குப் போக வேண்டியவர். நான் போகிறதாக இருந்தது, கமிட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. நான்தான் முதலில் கைதட்டினேன்" என்றார்.

"அன்னைக்கு அவருக்கு வாரு கட்டினது யாரு?" என்றார் முப்பிடாதி.

"நானே. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. மூச்சுவிட முடியலேன்னு சிரிச்சார். அவ்வளவு இறுக்கமா கட்டினேன்."

"விழுந்த பொறவு கழத்தினது?"

"நான்" என்றார் இன்ஸ்பெக்டர். "பூட்டு விடலை, தையல் விடலை. வார் நூத்துக்கு நூறு சரி. அதனால்தான் சொல்றேன், தப்பு இழுத்தவன் பேரில்."

"கழத்தும்போது இறுக்கமா இருந்துச்சா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. மாருக்கும் வாருக்கும் நடுவில் என் கை தாராளமா நுழைஞ்சது."

"கட்டும்போது மூச்சு முட்டுச்சு. கழத்தும்போது கை நுழையுது. வாரு நீளுமா?"

"பட்டாளத்து வார். நீளாது" என்றார் மனோகரன்.

"ஆளு குறுகுவானா?"

"லாக்கப்புல போட்டா குறுகுவான்" என்றேன் நான். இன்ஸ்பெக்டர் என்னை முறைத்தார்.

"வாரு நீளலை, ஆளும் குறுகலை" என்று முப்பிடாதி தாடையைச் சொறிந்தார். "அப்பம் நடுவுல என்னமோ குறுகியிருக்கு. ஏல சௌக்கத்து, அந்த இன்னொரு விமானத்துல ஏறி உக்காரு."

பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம் நின்றது. முன் இருக்கையில் ஏறினேன். கால் மிதிக்கு எட்டவில்லை. விமானத்தின் மூக்கைத் தூக்கி இறக்குகிற ஸ்டிக்கைப் பிடிக்க முதுகை இருக்கையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி கிடந்தேன்.

"ராமசுப்பு என்ன உயரம்?"

"இவர் உயரம்தான்" என்றார் மனோகரன். "அவரைச் செல்லமா பென்சில் துண்டுன்னு கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டு வெச்சுப்பார்."

"அந்தத் திண்டு எங்க?"

இன்ஸ்பெக்டர் விழித்தார். உடைசலில் திண்டு இல்லை. யாரும் தேடவும் இல்லை.

"விழுந்தபோது தண்ணியில் போயிருக்கும்" என்றார் மனோகரன். "திண்டையெல்லாம் நான் பார்க்கிறதில்லை சார். விமானிக்கு எது வசதியோ அது. மெத்துன்னு இருந்தா என்ன, கட்டையா இருந்தா என்ன? வார்தான் முக்கியம். அதை நான் ஒழுங்கா கட்டினேன்."

"நல்லாச் சொன்னீய" என்று முப்பிடாதி தலையாட்டினார். "இன்ஸ்பெக்டரும் கேட்டுக்கிட்டாருல்லா?"

---

முகத்துவாரத்து மணலில் நடந்து நடந்து என் செருப்பு அறுந்துபோனது. திண்டைப் பார்த்தீர்களா என்று கேட்டால், படகில் இருந்தவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வலையை உதறினார்கள்.

"துப்பறியறோம்னு சொல்லிக்கினு தலகாணி தேடறோமே மொதலாளி. நாளைக்கு கட்டில் காணோம்னு வந்தா இன்னா பண்றது?"

"கட்டிலுக்கு அடியில உன்னைத் தேடச் சொல்லுவேன். நீதான் நிமிர்ந்தே போவியே."

கண்டுபிடித்தது கன்னியம்மாதான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒரு பெண் கூடைக்கு முன்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது ஒரு நீலத் திண்டின் மேல்.

"அங்கம்மாக்கா! எந்திரி! அது எம் புருசன் அந்த சாருக்குத் தச்ச திண்டு!"

"அய்ய, உம் புருசன் தச்சா உன்னுதா? நாலு நாளா தண்ணில மெதந்துகினு கெடந்துச்சு. எட்த்தது நானு. காய வச்சது நானு" என்று அங்கம்மா இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

கடைசியில் என் குடைக்கு அந்தத் திண்டு கைமாறியது. முப்பிடாதியின் குடையும் கையில்தான் இருந்தது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

முப்பிடாதி திண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாய்மரத் துணி உறை. ஒரு விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"தாயி, உன் வீட்டுக்காரன் இதுக்குள்ள என்ன வெச்சான்?"

"கோணி சார். பழைய சாக்க மடிச்சு மடிச்சு வெச்சு, மரக் கொட்டாப்புளியால அடிச்சு அடிச்சு, கல்லு கணக்கா பண்ணான். இன்னாத்துக்குய்யா இப்டி அடிக்கறன்னு கேட்டேன். திண்டு அமுங்கக்கூடாது, அமுங்குனா ஆளு போயிடுவாருன்னு பெரிய சார் சொல்லிக் குடுத்துகீறாருன்னான்."

பெரிய சார் என்றால் மனோகரன். முப்பிடாதி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், அவர் கண்ணைக் காட்டினார், மூடிக்கொண்டேன்.

"கல்லு கணக்கா அடைச்ச கோணி நாலு நாளு மிதக்குமா?"

"தண்ணி குடிச்சா அன்னிக்கே அடில பூடும். மெதக்காது."

முப்பிடாதி பேனாக் கத்தியால் ஓரத்தைக் கீறினார். உள்ளேயிருந்து வெள்ளையாக, பளபளவென்று, இலவம்பஞ்சு பிதுங்கியது. காற்றுக்கு ஒரு பிசிறு பறந்து கன்னியம்மாவின் தலைமுடியில் உட்கார்ந்தது.

உறையின் மூன்று பக்கம் தடித்த சணல் நூல், பாய் தைக்கிற தையல். நாலாவது பக்கம் மட்டும் பிரித்து மறுபடி தைத்திருந்தது. சிவப்புப் பட்டு நூல், நெருக்கமான சின்னத் தையல். முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் முடிச்சுக்குப் பதிலாகக் கடுகளவு ஒரு பூ.

"இது அவன் கை இல்ல சார்" என்றாள் கன்னியம்மா.

"இல்ல" என்றார் முப்பிடாதி. அவர் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "கொல்லணும்னு நினைக்கிறவன் பூப் போட மாட்டான்."

---

ராமசுப்புவின் வீடு திருவொற்றியூர் சன்னதித் தெருவில். வாசற்படியில் கால்மிதி போட்டிருந்தது. பழைய கோணி, மடிப்பு மடிப்பாக, கொட்டாப்புளியால் அடிபட்ட தழும்போடு. முப்பிடாதி அதை மிதிக்காமல் தாண்டிப் போனார். நானும் தாண்டினேன். என் காலுக்கு அது ஒரு தாவல்.

ராமசுப்புவின் மனைவி மங்கைக்கு இருபது இருபத்திரண்டு வயசிருக்கும். வெறும் நெற்றி. எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சிவப்பு நூற்கண்டு இருந்தது. நான் அதைப் பார்த்ததை முப்பிடாதி பார்த்தார்.

"ஏல, நீ வெளியில போய் நில்லு."

"மோர் குடிக்கல மொதலாளி."

"எடுத்துக்கிட்டுப் போ."

வாசலில் நின்று குடித்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை அவள் லேசாகச் சிரித்தது கேட்டது. செத்துப்போன புருஷன் செய்த ஏதோ கோணங்கித்தனத்தைச் சொல்லிச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மீதி மோரைத் திண்ணையில் வைத்துவிட்டேன்.

வெளியே வந்த முப்பிடாதி தெருக்கோடியில் வைத்துச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைதான் பஞ்சு வெச்சிருக்கு. திண்டு முதுகை அறுக்குதுன்னு புருஷன் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தானாம். மனசு கேக்கலை. அவனுக்குத் தெரியாம, ஆச்சரியமா இருக்கட்டும்னு தைச்சிருக்கு."

"அப்ப அந்த அம்மாதான்…"

"அது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. நான் சொல்லலை."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இன்னா மொதலாளி இது! தாமோதரன வெளிய கொண்டாரணும்னா இந்த அம்மாவ கோர்ட்டுல நிக்க வச்சு, உங்க கையாலதாம்மா உங்க ஊட்டுக்காரர் செத்தாருன்னு சொல்லணுமா? இத விட பேஜாரு கேசு நம்ம ஆபீசுக்கு வந்ததே இல்ல. விட்டுட்டு வேற வேல பாக்கலாம், வா."

"விட்டா கன்னியம்மா புருஷன் தூக்குல தொங்குவான்."

அவர் என் தோளில் கை போட்டார். அபூர்வமாகத்தான் போடுவார். போட்டால் எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம்.

"உன் வீட்டுல இலவம்பஞ்சுத் தலையணை இருக்கா?"

"கீது. ஜஹானாரா தாய் வூட்டுச் சீர்."

"அதுக்குக் கோணித்துணியில உறை போட்டு நாளைக் காலையில கொண்டா. பாக்கக் கல்லு மாதிரி இருக்கணும்."

அந்த ராத்திரி என் மனைவி ஜஹானாரா என்னைக் கேட்ட கேள்விகளை இந்தப் புத்தகத்தில் அச்சடிக்க முடியாது.

---

மறுநாள் காலை ஓடுபாதையில் கடற்காற்று வீசியது. இன்ஸ்பெக்டரை முப்பிடாதி எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ, தாமோதரனை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். தாடி மண்டி, கண் உள்ளே போய், கையில் விலங்கோடு. மறுகோடியில் விஞ்சின் மேல் உட்கார வைத்து ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள்.

"ஒண்ணுமில்ல சார்" என்று முப்பிடாதி மனோகரனிடம் குழைந்தார். "அன்னைக்கு இழுத்த மாதிரியே இவன் இன்னொரு தடவை இழுக்கட்டும். நீங்க பின் இருக்கையில இருந்து பாத்து, இது அதிக வேகமா இல்லையான்னு சொல்லிட்டா கேசு முடிஞ்சுது. உங்களைவிட்டா யாருக்குத் தெரியும்? முன்னால நம்ம சௌக்கத்து இருப்பான், ராமசுப்பு உயரம், ராமசுப்பு எடை."

எனக்கு அப்போதுதான் தெரியும், நான் பறக்கப் போகிறேன் என்று.

"மொதலாளி, எனக்கு மாடிப்படியே தல சுத்தும்."

"கண்ணை மூடிக்கோ."

என்னைத் தூக்கி உள்ளே வைத்து முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சொருகினார்கள். எல்லாம் எட்டியது. சுகமாகவும் இருந்தது. சாகப்போகிறவனுக்குச் சுகம் எதற்கு என்று கல்மா சொல்ல ஆரம்பித்தேன். தூரத்தில் எஞ்சின் உறுமியது. முப்பிடாதி புல்லில் கிடந்த கம்பி முனையைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தின் அடியில் குனிந்தார்.

மனோகரன் என் மேல் சாய்ந்து வாரை இறுக்கினார். தோள், தோள், இடுப்பு, இடுப்பு. மூச்சு முட்டியது. பிறகு ஏணியில் கால் வைத்துப் பின் இருக்கைக்கு ஏறப் போனவர் நின்றார். திரும்பி வந்தார். கையை முஷ்டியாக்கி என் முதுகுக்குப் பின்னால் விட்டு ஒரு குத்து குத்தினார்.

முஷ்டி தலையணைக்குள் போய்விட்டது.

அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் பார்த்தேன். மறுகணம் வாரைச் சடசடவென்று கழற்றி, தலையணையை உருவி, வீசி எறிந்தார். ஏணியின் ஆணியில் மாட்டிக் கிழிந்து பஞ்சு பறந்தது.

"எவன் வெச்சான் இதை? மடையனா நீ?"

"ஏன் சார்?" என்று விமானத்துக்கு அடியிலிருந்து முப்பிடாதியின் குரல் வந்தது. "மெத்துன்னு இருந்தா என்ன? வார்தானே முக்கியம்?"

"என்ன வாரா? ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும்யா! உடம்பு மொத்தமும் முதுகு மேல சாயும். பஞ்சு அமுங்கும். அமுங்கினா எப்பேர்ப்பட்ட வாரும் தொளதொளன்னு ஆகிடும். இவன் பின்னால சரிவான், பிடிச்சிருக்கிற ஸ்டிக்கையும் இழுத்துக்கிட்டே சரிவான். மூக்கு இன்னும் தூக்கும், இன்னும் சரிவான். கம்பியைக் கழற்றுகிற குமிழ் முன்னால இருக்கு, கை எட்டாது. இவன் ஸ்டிக்கை உடும்பாட்டம் பிடிச்சுக்கிட்டா பின்னால இருக்கிற நானும்…"

நிறுத்திவிட்டார்.

முப்பிடாதி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கம்பி முனை அவர் கையிலேயே இருந்தது. கொக்கியில் மாட்டவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்களும் சாவீய. அது ஞாபகம் வந்துட்டுது" என்றார். "அன்னைக்குப் பின் இருக்கை இல்லாத விமானம். அதனால ஞாபகம் வரலை. அப்படித்தானே?"

"நான்… அன்னிக்குக் குத்திப் பார்க்க மறந்துட்டேன். அவசரம். மனுஷன்னா மறதி இல்லையா?"

"இருக்கும். திண்டையே பாக்கிறதில்லைன்னு இன்ஸ்பெக்டர்ட்ட சொன்னதுகூட மறதியாத்தான் இருக்கும். அது அமுங்கினா ஆளு போயிடுவான்னு தாமோதரனுக்குச் சொல்லிக் குடுத்ததும் மறந்திருப்பீய. அப்பம் இதுவும் மறந்துபோச்சா பாருங்க." முப்பிடாதி ஜீப்பின் பக்கம் திரும்பினார். "தாயி, கொஞ்சம் வாங்க."

ஜீப்பின் பின்னாலிருந்து மங்கை இறங்கினாள். கன்னியம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். மங்கையின் கண் புல்லில் கிடந்த பஞ்சின் மேலேயே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அந்தக் கண் சொன்னது.

"அண்ணா" என்றாள் மனோகரனைப் பார்த்து. "நீங்கதானே வீட்டுக்கு வந்து சொன்னீங்க? உன் வீட்டுக்காரன் முதுகு புண்ணாகுதும்மா, வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டான், இலவம்பஞ்சு வெச்சுத் தைச்சுக் குடு, நான் சொன்னேன்னு சொல்லாதேன்னு? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு…"

மனோகரன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முந்தின நாளே முப்பிடாதிக்கு இது தெரியும். மோர் குடிக்க என்னை வெளியே துரத்தியபோதே தெரியும். தெரிந்தும் அந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து, எல்லார் நடுவிலும் நிறுத்தி, இதைக் கேட்க வைத்தார். வேறு வழியில்லை என்பது எனக்குப் புரிகிறது. அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னை விமானத்தில் ஏற்றியதைக்கூட மன்னித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் முப்பிடாதியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ப் பேசினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"தாமோதரனை விட்டுடறேன், அதில் சந்தேகமில்லை. ஆனா இவரை எதில் பிடிக்கிறது? பரிதாபப்பட்டு யோசனை சொன்னேம்பார். பார்க்க மறந்தேம்பார். பெரிய வக்கீலா வெச்சுப்பார். யோசனை சொல்றது குத்தம்னு எந்தச் சட்டத்தில் இருக்கு? பொறாமைக்குத்தான் சாட்சி உண்டா?"

"முயற்சி பண்ணுங்க" என்றார் முப்பிடாதி.

"பண்றேன்." அவர் சொன்ன விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் தாமோதரனை நடத்தி அழைத்து வந்தார்கள். விலங்கைக் கழற்றியதும் அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான். கன்னியம்மா அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். நேரே போய் மங்கையின் காலடியில் விழுந்தான்.

"அம்மா, நான்தாம்மா இஸ்தேன். மூக்கு தூக்கறது தெரிஞ்சுது. இன்னும் ஒரு நொடி முன்னாடி பெட்ரோல் மெதிய வுட்டிருந்தா பொழச்சிருப்பாரோ இன்னாவோ. என் கையாலதாம்மா."

"இல்லங்க" என்றாள் மங்கை. அவனை எழுப்பக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க கல்லு மாதிரி அடிச்சுக் குடுத்ததைப் பிரிச்சது நான். நான்தான் தைச்சேன். பூ வேற போட்டேன்."

"இல்லம்மா, நான்தான்."

"நான்தாங்க."

இழுத்தவனும் தைத்தவளும் அந்தப் பழியை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டு அழுதார்கள். என்னிடம் எப்போதும் ஏதாவது கேலி இருக்கும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை.

கன்னியம்மா அழவில்லை. மனோகரனுக்கு நேராகப் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எம் புருசன் சொம்மா வாய்ல சொன்னான், அவனுக்கு வெலங்கு மாட்னாங்க. அப்ப அவர நெசமா மேல அனுப்புனவனுக்கு இன்னா மாட்டுவாங்க தொரை?"

மனோகரன் புல்லில் விழுந்திருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த பஞ்சை இரண்டு விரலால் சுண்டிவிட்டு, தலையில் வைத்துக்கொண்டு, தன் காரை நோக்கி நடந்தார்.